தொட்டுப் பார்க்க

தமிழில் எல்லாவற்றையும் 'பார்க்க' முடிகிறது. ருசித்துப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், தட்டிப் பார்க்கிறோம், தொட்டுப் பார்க்கிறோம். கண்ணுக்கு இதில் வேலை இல்லை. ஒரு காரியத்தில் முழுசாக இறங்குவதற்கு முன் உள்ள பரீட்சை, ஒரு சிறு தயக்கம், அந்தத் துணைவினையில் இருக்கிறது. சமையலறைச் சாதனங்களின் விசைகள் வெளியே தெரிய வேண்டுமா, மறைந்திருக்கலாமா என்ற கேள்வியை இந்தத் துணைவினையின் வழியாகவே நான் அணுக விரும்புகிறேன். விஷயம் இலக்கியத்துக்குப் புறம்பானது என்று நினைக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேஸ் அடுப்பின் குமிழை எடுத்துக்கொள்வோம். அணைந்திருக்கும் அடுப்பில் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் தடவலாம், ஒன்றும் நேராது. உள்ளே அழுத்தி, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால்தான் வாயு வரும். கால் வட்டத்தில் முழுத் தீ, அரை வட்டத்தில் சிம். குமிழின் மேடு எந்தத் திசையில் நிற்கிறதோ அதுதான் அடுப்பின் நிலை. இருட்டிலும் கைக்குத் தெரியும். மிக்ஸியிலும் இப்படித்தான். ஒரு பக்கம் திருப்பினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தடுக்கித் தடுக்கி நிற்கும். மறுபக்கம் திருப்பினால், கையை எடுத்ததும் தானே திரும்பிவிடும். எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று விரல் அறிந்துகொள்கிறது.

விசை வெளியே தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. இரண்டு பர்னர் அடுப்பில் இடது குமிழ் இடது பர்னருக்கு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நான்கு பர்னர்களைச் சதுரமாக வைத்து, குமிழ்களை ஒரே வரிசையில் அடுக்கினால் சங்கடம் தொடங்குகிறது. 1959இல் சப்பானிஸ், லிண்டன்பாம் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பர்னர்களைக் குமிழ்களின் வரிசைக்கு இசையச் சற்று விலக்கி வைத்த அமைப்பில் யாரும் தவறாகத் திருப்பவில்லை. டொனால்ட் நார்மன் 1988இல் அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றி எழுதிய புத்தகத்தில் இதே அடுப்புப் பிரச்னையை விரிவாக எடுத்துக்கொண்டார். எந்தக் குமிழ் எதற்கு என்று அடுப்பின் மேல் எழுதி விளக்க வேண்டிவந்தால், குறை சமைப்பவரிடம் இல்லை.

இன்டக்ஷன் அடுப்பில் குமிழும் இல்லை, மேடும் இல்லை. வழவழப்பான ஒரே கண்ணாடி. மின்சாரம் வந்ததும் சில எழுத்துகள் ஒளிர்கின்றன. கண்ணாடிக்கு அடியில் உள்ள உணரி, விரல் பட்டதும் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. ஈரக்கை என்றால் சில சமயம் ஏற்க மறுக்கிறது. தண்ணீர் சிந்தினால் அதையே விரல் என்று நம்பிவிடுவதும் உண்டு. இதற்கு நியாயங்கள் இல்லாமல் இல்லை. தீ கிடையாது, வாயு கசியாது, பாத்திரத்தை எடுத்துவிட்டால் சூடு நின்றுவிடும், எண்ணெய்ப் பிசுக்கை ஒரே துணியால் துடைத்துவிடலாம். ஆனால் தேடுகிற விரலும் ஆணையிடுகிற விரலும் அதற்கு ஒன்றுதான். தொடலாம், தொட்டுப் பார்க்க முடியாது.

என் அம்மாவுக்குக் கண்ணழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வை முழுக்கப் போய், நேர் எதிரே ஒரு சிறு வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தெருவில் அவளால் தனியே நடக்க முடியாது, சமையலறையில் முடியும். விடிகாலை ஐந்து மணிக்கு, எங்களில் யாரும் எழுவதற்கு முன், தன் காபியைத் தானே போட்டுக் குடிப்பாள். சிலிண்டர் தீர்ந்து, மாற்று வருவதற்குத் தாமதமான ஒரு வாரம் இன்டக்ஷன் அடுப்புதான் எங்களுக்கு. அம்மா அதைத் தடவித் தடவி, "கை வைக்க எடமே இல்லையேப்பா" என்றாள். என் மனைவி தன் ஸ்டிக்கர் பொட்டுகளில் இரண்டை எடுத்து விசைகள் இருக்கும் இடத்தில் ஒட்டினாள். நல்ல யோசனைதான். ஆனால் பொட்டைத் தேடிப் போகும் வழியிலேயே விரல் வேறு எதையோ அமுக்கிவிடும். அடுப்பு 'பீப்' என்று கத்தும். என்ன நடந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து அவள் நாங்கள் எழும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஒரு குரல் கொடுத்தா வரமாட்டமா அத்தை?" என்று என் மனைவி கேட்டதற்கு, "வருவே. ஆனா கூப்பிடணுமே" என்றாள்.

வங்கியில் என் கவுன்டரில் கணினித் திரை என் பக்கம் பார்த்து இருக்கிறது. எதிரே நிற்பவருக்குத் தெரிவது அதன் முதுகு. பழைய லெட்ஜரை வாடிக்கையாளர் தலைகீழாகவாவது படித்துவிடுவார் என்று மூத்த ஊழியர்கள் சொல்வார்கள். மறைக்கப்பட்ட விசை ஒவ்வொன்றும் யாரையோ கூப்பிட்டுக் கேட்க வைக்கிறது.

வழவழப்புதான் நவீனம் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்பர்ட் சமையலறை நவீனத்துவத்தின் நேர் வாரிசு. அரிசி, மாவு போன்ற சாமான்களுக்கு அதில் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், கைப்பிடியும் கொட்டும் மூக்குமாக, கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக இருந்தன. அந்த நவீனம் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

நண்பரான கவிஞர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்படியானால் கவிதையிலும் குமிழ் வைக்கச் சொல்வீர்களா?" என்று கேட்டார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. புரியவில்லை என்ற புகாரைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர். ஆனால் கடினமான கவிதை வழவழப்பானதல்ல. அதில் விரல் தடுக்கும் இடங்கள் இருக்கின்றன. முதல் வாசிப்பில் அர்த்தம் பிடிபடாவிட்டாலும், தடவிக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. எந்த இடத்திலும் பிடி கிடைக்காமல், பட்ட இடத்திலெல்லாம் ஓர் உணர்ச்சியைக் கத்தும் கவிதைகள் வேறு ஜாதி. அவற்றை எளிய கவிதைகள் என்று பாராட்டுகிறார்கள்.

இன்டக்ஷன் அடுப்பிலேயே திருகுகுமிழ் வைத்த மாடலும் உண்டு. கடையில் அது அடித்தட்டில் இருந்தது. "பழசு சார், வயசானவங்கதான் கேப்பாங்க" என்றார் விற்பனையாளர். மின்சாரம் கொடுக்காமலே அதன் குமிழை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் தடுக்கியது.