வாசலில் நின்ற காத்திருப்பு

பொறுமை சிறந்த பண்பு. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் காத்திருப்பதெல்லாம் பொறுமையாகிவிடாது. முன்பே வந்து சேர்ந்துவிட்ட ஒன்றுக்காக வாசலில் நிற்பது அறியாமையேயன்றி வேறில்லை. இதனை எனக்குக் கற்பித்தது ஓர் எடைமேடை.

கணினிக்கு நிரல் எழுதுவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரிசி மண்டிக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். மேடையில் மூட்டை ஏறியதும் அதன் வரிசை எண் ஒரு வரியாகவும், எடை மறுவரியாகவும் சேர்ந்தாற்போல் கணினிக்கு வரும். இரண்டையும் படித்துக் கணக்கில் பதிவது என் நிரலின் வேலை.

ஒரு மாதம் சென்றிருக்கும். மண்டி உரிமையாளர் என்னை அழைத்தார். நாள்தோறும் கணக்கில் ஒரு மூட்டை குறைகிறதாம். லாரியில் வந்தவை 120 எனில் கணக்கில் 119. மறுநாள் 80 எனில் 79. மலைபோல் அடுக்கிய கிடங்கில் எண்ணிப் பார்ப்பது எளிதன்று. "கணினி பொய் சொல்லுமா?" என்று கேட்டார். "சொல்லாது" என்றேன். அச்சொல்லின் பாரம் எவர் தலையில் இறங்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. முப்பதாண்டுகளாக அங்கே எடை போட்டுவந்த பெரியவர் மீது ஐயம் விழுந்தது.

அவர் கோபப்படவில்லை, இரண்டு நாட்கள் திரையையே கவனித்திருக்கிறார். பின்னர் என்னிடம் வந்து சொன்னார்: "தம்பி, மேடையில் இருக்கிற மூட்டையின் எடை திரையில் வருவதில்லை. அடுத்த மூட்டையை ஏற்றினால்தான் முந்தியதன் எடை வருகிறது. கடைசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட எதுவும் இல்லை. அது உள்ளேயே நின்றுவிடுகிறது."

நான் வாயடைத்துப் போனேன். அன்றிரவே நிரலை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

குற்றம் இதுதான். ஒரு வரியைப் படிக்குமாறு கேட்டால், கணினியின் படிப்புக் கருவி ஒரு வரியோடு நிற்பதில்லை. அடிக்கடி போய்வரும் அலைச்சலைத் தவிர்க்க, ஒரே நடையில் பெரும்பாலும் 4096 பைட்வரை, இருப்பதை அள்ளிவந்து பஃபர் எனும் தேக்கிடத்தில் வைத்துக்கொள்ளும். செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல செலக்ட் என்னும் காவலாளி வேறு உண்டு. அக்காவலாளிக்கு வாசல் தெரியும். வீட்டின் உள்ளறை தெரியாது.

ஓர் உவமை சொல்கிறேன். தபால்காரர் இரண்டு கடிதங்கள் தருகிறார். வீட்டுப் பையன் இரண்டையும் வாங்கி, ஒன்றை நம் கையில் கொடுத்துவிட்டு, மற்றதை மாடத்தில் வைத்துவிடுகிறான். நாமோ மீண்டும் வாசலுக்குச் சென்று, "தபால் வந்ததா?" என்று காவலாளியைக் கேட்டு நிற்கிறோம். "இல்லை" என்கிறான் அவன். அவன் சொல்வதும் மெய்யே! மறுபடி தபால்காரர் வரும்போதுதான் நாம் உள்ளே திரும்புகிறோம். பையன் மாடத்துக் கடிதத்தை எடுத்துத் தருகிறான். வரிசை எண் கைக்கு வந்தது. எடை மாடத்தில் உறங்கிற்று.

படிப்புக் கருவியைப் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1975 வாக்கில் ஆக்கினார். செலக்ட், 1983இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸில் வந்தது. இரண்டும் நல்ல கருவிகள். ஒன்றையொன்று அறியாத இரண்டையும் ஒரே வேலையில் பிணைத்தது என் பிழை. சோதனை செய்தபோது வரிகளை நானே ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்பினேன். தனித்தனியே வந்ததால் மாடத்தில் எதுவும் தங்கவில்லை, குற்றமும் தலைகாட்டவில்லை.

பஃபரே வேண்டாமென்று நீக்கிவிடலாம். அப்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நடை நடக்க வேண்டியிருக்கும். ஆகவே தேக்கிடத்தை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். வந்ததை ஒருமுறை அள்ளுவது. அதில் முழுமையான வரிகள் எத்தனை உண்டோ அத்தனையையும் படித்து முடிப்பது. பாதி வரி மிஞ்சினால் பத்திரமாக வைத்திருப்பது. அதன் பின்னரே வாசலுக்குச் செல்வது. திருத்தம் இருபது வரிகூட இல்லை.

மறுநாள் வந்தவை 96 மூட்டைகள், கணக்கிலும் 96. உரிமையாளர் முன்னிலையில், பிழை என்னுடையது என்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "கண்ணால் பார்த்ததைச் சொன்னேன், தம்பி" என்று கூறி, அடுத்த மூட்டையைத் தூக்கச் சொன்னார்.

கணினி பொய் சொல்லாது என்று இப்போது நான் எவரிடமும் கூறுவதில்லை. ஒரு மனிதர் மீது ஐயம் எழும்போது முதலில் என் வீட்டு மாடத்தைத் தேடிப் பார்க்கிறேன்.