உறங்கும் முன் ஒரு சுன்னத்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டில் மணி இரண்டேகாலுக்குத் தொலைபேசி ஒலித்தது. சிதம்பரத்தில் என் உம்மாவின் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அண்ணன் பேசினார். "உம்மா நல்லா இருக்காங்க, முதல்ல அதைக் கேட்டுக்கம்மா. சமையற்கட்டுல தீப்பிடிச்சிருச்சு" என்றார். நானும் என் கணவரும் உடனே புறப்பட்டோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் இருளில் கடந்துபோக, வழி முழுதும் என் நாவில் திக்ரும் நெஞ்சில் ஒரு குற்ற உணர்வும் இருந்தன. அந்தக் குற்ற உணர்வின் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வாப்பா வஃபாத்தான பின் உம்மா அந்த வீட்டில் தனியாகவே இருந்து வருகிறார். இஷாத் தொழுகைக்குப் பின் வாசலின் இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டிவிடுவார். சாவி சமையற்கட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். அன்றிரவு இருமலால் விழித்தபோது அறையெங்கும் புகை சூழ்ந்திருந்தது. தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்துவிட்டார். ஆனால் சாவியோ நெருப்புக்கு அப்பால் இருந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவர் எழுப்பிய குரல் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். தீயணைப்பு வீரர்கள் வந்து நெருப்பை அணைத்தனர். புகையைச் சுவாசித்ததற்காக உம்மா இரண்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஆபத்தில்லை.

தீ தொடங்கிய இடம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்த ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதை வாங்கிக் கொடுத்தவள் நான். ஃபிரிட்ஜ், மிக்ஸி, வெந்நீர்க் கெட்டில் மூன்றையும் அதில் செருகிக் கொடுத்ததும் நானே. 6 ஆம்பியர் பாக்ஸ் ஒன்று நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறத்தாழ 1,380 வாட் வரைதான் தாங்கும். கெட்டில் மட்டுமே 1,500 வாட். பகல்தோறும் சூடேறி உள்ளிணைப்பு தளர்ந்துபோயிருந்தது, இரவில் ஃபிரிட்ஜ் ஓடிய சுமையே தீப்பொறி கிளம்பப் போதுமானதாயிற்று என்று எலக்ட்ரீஷியன் விளக்கினார். இரண்டு வாரங்களுக்கு முன்பே உம்மா, "அந்தப் பொட்டி சுடுதும்மா, ஒரு வாடையும் வருது" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். அடுத்த முறை வரும்போது பார்க்கிறேன் என்று நான் சொல்லிவிட்டேன். உம்மா இன்றுவரை அதை ஒரு முறைகூட எனக்கு நினைவூட்டியதில்லை.

நலம் விசாரிக்க வந்த உறவினர்களில் சிலர் கண்ணேறு என்றார்கள். சிலர், "கத்ரு, என்ன செய்ய முடியும்?" என்று ஆறுதல் கூறினார்கள். அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்வது எனக்கு எளிதாக இருந்தது. என் கவனக்குறைவை அதன் பின்னால் மறைத்துவிடலாம் அல்லவா? ஆனால் நபி (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று என்னை அப்படி மறைந்துகொள்ள விடவில்லை.

மதீனாவில் ஓர் இரவில், வீட்டார் உள்ளே இருக்கும்போதே ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. செய்தி நபியவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி, உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னும் நுட்பமான காரணம் சொல்லப்படுகிறது: எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும். ஓர் எலியின் சேட்டை வரை எண்ணிப்பார்த்து நம்மை எச்சரித்த தூதரின் உம்மத் நாம். இன்று நம் வீடுகளில் திரி விளக்குகள் இல்லை. ஆனால் எலிகள் இருக்கின்றன, அவை கடிக்கும் மின்கம்பிகளும் இருக்கின்றன. இரவு முழுதும் செருகியே கிடக்கும் சார்ஜர்கள், தலைமாட்டில் புகையும் கொசுவத்தி, வெள்ளி இரவில் சாம்பிராணி போட்ட பின் மூலையில் கனன்றுகொண்டிருக்கும் தணல், இவையே நம் காலத்துத் திரிகள்.

சுத்தம் செய்த நாட்களும் எனக்குப் பாடமாயின. ஜமாஅத்து இளைஞர்கள் உதவிக்கு வந்தார்கள். பதற்றத்தில் நான் முதலில் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தேன். கரி போகவில்லை, எண்ணெய்ப் பிசுக்காகப் பரவிச் சுவருக்குள் ஊறியது. புகைக்கரியில் எண்ணெய்த்தன்மை உண்டு. எனவே முதலில் ஈரமே படக்கூடாது. சன்னல்களைத் திறந்து வைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, மேற்கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி, உலர்ந்த பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகே சலவைத்தூள் கலந்த வெந்நீர். கரி படிந்த சுவரில் நேரடியாகச் சுண்ணாம்போ பெயிண்டோ அடித்தால் சில வாரங்களில் பழுப்புக் கறை மேலே வந்துவிடும். கறையை அடக்கும் பிரைமரை முதலில் பூச வேண்டும். எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டோம். புகையில் கிடந்த அரிசி, மாவு, மருந்துகள், உருகிய பிளாஸ்டிக் டப்பாக்கள் அனைத்தையும் மனம் வராமலே வெளியே போட்டோம். எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்லும் வரை ஒரு மின்விசிறியைக்கூடப் போடவில்லை.

உம்மாவுக்குப் பெரிய கவலை அலமாரியில் இருந்த முஸ்ஹஃபைப் பற்றியது. வாப்பா ஓதி வந்த பிரதி அது. அதன் ஓரங்கள் கருத்திருந்தன. துடைக்கப் போன என் கையை, அச்சகத்தில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் தடுத்தார். நூலை இறுக மூடிப் பிடித்து, மென்மையான உலர்ந்த தூரிகையால் ஓரக் கரியை வெளிப்புறமாகத் தட்டிவிடச் சொன்னார். ஈரத்தைத் தவிர்த்ததால் எழுத்துகள் ஒன்றும் கெடவில்லை. உம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட அந்த வேளையில்தான் என் தவறை அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அல்லாஹ் நாடினது நடந்துச்சு. நாம செய்ய வேண்டியதை நாம செய்யல. ரெண்டும் உண்மைதாம்மா" என்றார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபியவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் கரி படிந்த அந்த அறையில்தான் எனக்கு விளங்கியது. கத்ரின் மீதான ஈமான் நடந்து முடிந்ததைத் தாங்கும் வலிமையை நமக்குத் தருகிறது. அதைக் காட்டி, நடக்கும் முன் செய்ய வேண்டிய கடமையை நாம் தள்ளிப்போட முடியாது.

அந்தச் சாவியை நினைக்கும்போதெல்லாம் ஏர்வாடி என் நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில், சமையற்கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீ 94 குழந்தைகளைப் பறித்தது. இரண்டு இடங்களிலும் நெருப்போடு சேர்ந்து, வெளியேற வழியில்லாமையும் உயிர்களைக் கொன்றது. திருடனுக்கு அஞ்சி நாம் போடும் பூட்டு, தீயின்போது நம்மையே சிறைப்படுத்தக்கூடாது. உம்மாவின் சாவி இப்போது படுக்கையறைக் கதவுக்கு அருகில், இருளிலும் கை எட்டும் இடத்தில் தொங்குகிறது.

மற்ற மாற்றங்களும் சிறியவையே. ஃபிரிட்ஜுக்குத் தனிப் பிளக் பாயிண்ட் அமைத்தோம். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தினோம். கேஸ் டியூபின் காலாவதி ஆண்டைப் பார்த்து மாற்றினோம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணை அழைக்க வேண்டும். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். தீயணைப்புத் துறைக்கு 101. இவற்றை என் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்கியிருக்கிறேன்.

இப்போது இரவில் உம்மா தொலைபேசியில் பேசும்போது நாங்கள் இருவரும் அவரவர் வீட்டைச் சுற்றி வருகிறோம். அடுப்பு, ரெகுலேட்டர், பிளக்குகள், கொசுவத்தி, சாவி. "எல்லாம் அணைச்சாச்சா?" என்று உம்மா கேட்பார். "அணைச்சாச்சும்மா" என்பேன். பிறகு ஆயத்துல் குர்ஸீ ஓதிவிட்டு உறங்கச் செல்கிறோம். முன்பு ஓதுதல் மட்டும் இருந்தது. இப்போது அந்தச் சுற்றும் அதனோடு சேர்ந்த ஒரு சுன்னத்தாகிவிட்டது.

அன்பான சகோதர சகோதரிகளே, இன்றிரவு உறங்கும் முன் உங்கள் வீட்டையும் ஒரு முறை சுற்றி வாருங்கள். தனியாக வசிக்கும் பெற்றோர் இருந்தால், அவர்கள் சொல்லும் சிறு வாடையையும் அடுத்த முறைக்கு ஒத்திப்போடாதீர்கள். அல்லாஹ் நம் அனைவரின் இல்லங்களையும் இம்மை நெருப்பிலிருந்தும், நம் அனைவரையும் மறுமை நெருப்பிலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.