கூலியும் பெயரும்

காணொளியைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வதில் தவறென்ன என்று இளைஞர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. இலவசமாகக் காட்டப்படுவதை எடுத்து வைத்துக்கொள்வது எப்படித் திருட்டாகும் என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது.

ஆனால், நாம் இலவசம் என்று சொல்வது உண்மையில் இலவசந்தானா? புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் முதியவர் ஒருவரும் அவருடைய பேரர்களும் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' நம்மில் பலர் அறிந்ததே. வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சமைத்துப் பலருக்கும் பரிமாறுகிறார்கள். 2021-இல் முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் 10 இலட்சம் ரூபாய் அளித்தார்கள். அவர்களுடைய சமையலைக் காண நாம் காசு கொடுப்பதில்லை. இடையே வரும் விளம்பரமே அவர்களுக்குக் கூலி கொண்டுவருகிறது. நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைத்தவருக்கு என்பது யூடியூபின் ஏற்பாடு. அவ்வருவாய்க்குத் தகுதிபெற, நீண்ட காணொளி செய்வோருக்கு 1000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும்.

வேறு தளங்களின் வழியே இறக்கிப் பார்க்கும்போது விளம்பரம் வருவதில்லை. பார்த்த நேரமும் கணக்கில் ஏறுவதில்லை. பெயர்பெற்ற சேனலுக்கு இது கடலில் ஒரு துளி. அந்த 4000 மணியை எட்டத் தவிக்கும் எளியவருக்கோ ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. யூடியூபே தரும் பதிவிறக்க வசதி வேறு வகையானது; பிரீமியம் சந்தாதாரர் கட்டும் தொகையில், அவர் பார்க்கும் நேரத்திற்கேற்பப் படைத்தவருக்கும் பங்கு சேர்கிறது.

அலைவரிசை எட்டாத மலையூரில் ஆசிரியர் ஒருவர், பாடம் ஒன்றை இறக்கி எடுத்துச்சென்று மாணவருக்குக் காட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் விதி அதற்கு இடந்தராதிருக்கலாம். ஆயினும், வேறு வழியில் பார்த்திருக்கவே முடியாத அப்பிள்ளைகளால் படைத்தவருக்கு நட்டமில்லை. இவரையும், இறக்கியதைப் பெயர் வெட்டித் தம்முடையதாக ஏற்றிக் காசு பார்ப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. பின்னவர் பறிப்பது கூலியை மட்டுமன்று, உழைத்தவரின் பெயரையுமே. வாட்ஸ்அப் குழுக்களில் ஊர் பேரின்றி உலாவும் துண்டுக் காட்சிகள் பலவற்றின் கதையும் இதுவே. பரப்பும் நமக்கு அதனால் காசு வருவதில்லை என்பது உண்மை. எனினும் உழைத்தவர் பெயர் மறைவதில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே நாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நல்ல காணொளி ஒன்றை நண்பருக்கு அனுப்ப விரும்பினால், காட்சியை வெட்டி அனுப்பாமல் அதன் சுட்டியையே அனுப்புகிறோம். நண்பர் படைத்தவரின் வாசலுக்கே போய்ப் பார்க்கட்டும். பார்ப்பவருக்கு இதனால் செலவொன்றுமில்லை. படைத்தவருக்கோ கூலியும் சேர்கிறது, பெயரும் நிலைக்கிறது.