பாட்டியின் குரல் 45 எம்பி

வானொலி நிலையத்துக்கு நேயர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி லிங்க்தான். “இந்தப் பாட்டைப் போடுங்க”, “எங்க தாத்தா பேசுனது, கேளுங்க” என்று வரும். தட்டிப் பார்த்தால் சில சமயம், காணொளி இப்போது இல்லை என்ற ஒரு வரிதான் இருக்கும். லிங்க் என்பது வீட்டு முகவரி மாதிரி. வீடு இடிந்த பிறகும் முகவரி நம் கையில் இருக்கும்.

எங்கள் குடும்பத்துக்கும் அப்படி நடக்கவிருந்தது. அம்மாவின் ஊர் கேமரன்மலையில் லெம்பா பெர்த்தாம். பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பேரப்பிள்ளைகள் ஆளுக்கோர் ஊரில் மாட்டிக்கொண்டோம். ஒரு மாலை, சின்னம்மா பாட்டியை வாசலில் உட்காரவைத்து முகநூலில் நேரலை போட்டார். 47 நிமிடம். கூடை தூக்கிய கதை, அட்டை கடித்த கதை, நடுவில் ஒரு தாலாட்டு. பாட்டி இப்போது இல்லை. அவர் குரல் பதிவாகியிருந்தது அந்த நேரலையில் மட்டும்தான்.

2025 பிப்ரவரி 19 முதல் முகநூல் தன் விதியை மாற்றியது. புதிய நேரலைகள் 30 நாள்தான் இருக்கும். பழையவை படிப்படியாக அழிக்கப்படும் என்று அப்போது அறிவித்தது. அதற்கு முன் கணக்கு வைத்திருப்பவருக்கு அறிவிப்பு வரும், 90 நாள் அவகாசம் உண்டு என்றும் சொன்னது. சின்னம்மாவுக்கும் அந்த அறிவிப்பு வந்தது. ஏதோ விளம்பரம் என்று ஒதுக்கிவிட்டார். கோயில் திருவிழா, கல்யாணம், கடைசி ஊர்வலம் என்று அந்தக் காலத்தில் எத்தனை குடும்பங்கள் நேரலை போட்டன! எத்தனை பேர் அறிவிப்பைப் படித்திருப்பார்கள்?

எடுத்து வைப்பது பெரிய வித்தை இல்லை. சின்னம்மாவின் கணக்கைக் கணினி பிரவுசரில் திறந்தோம். காணொளியின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, பதிவிறக்கம் என்பதைத் தேர்ந்தோம். அவ்வளவுதான். யூடியூப்பில் நீங்களே ஏற்றியது என்றால், யூடியூப் ஸ்டூடியோவில் அதே மூன்று புள்ளிகள் இருக்கும்.

ஒலி மட்டும் போதுமென்றால், விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ‘கன்வர்ட்’ கொடுத்து எம்பி3 ஆக்கலாம். பேச்சுக்கு 128 கேபிபிஎஸ் தாராளம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. பாட்டியின் 47 நிமிடம் 45 எம்பியில் அடங்கிவிட்டது. 320 வைத்தால் தரம் கூடும் என்று நினைக்காதீர்கள். மூலத்தில் இல்லாத ஒலி எங்கிருந்தும் வராது, கோப்புதான் பருக்கும். மூலக் காணொளியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

லிங்க்கைப் போட்டால் எம்பி3 தரும் இணையத்தளங்கள் நிறைய உண்டு. அவற்றில் பொய்ப் பொத்தான்களும் அதிகம். ஏபிகே கோப்பை நிறுவச் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். அடுத்தவர் பாட்டையும் படத்தையும் அப்படி இறக்குவதை யூடியூப் விதிகள் அனுமதிப்பதில்லை. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. யூடியூப் பிரீமியத்தில் சேமிப்பவை அந்தச் செயலிக்குள்தான் ஓடும்; தனிக் கோப்பாகக் கைக்கு வராது.

சினிமாப் பாட்டு எப்படியும் எங்காவது கிடைக்கும். நம் வீட்டுக் குரலை வேறு யாரும் எடுத்து வைக்கமாட்டார்கள். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கணக்கைத் திறந்து பாருங்கள். எடுத்ததற்குப் பெயர், ஊர், தேதி எழுதி, இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஒரு நகலைப் பென்டிரைவில் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். மலைப்பாதையில் பல வளைவுகளில் லைன் கிடைக்காது. அன்றிரவு அழைத்தார்.

“தாப்பா இறங்குற வரைக்கும் அம்மா கூடவே வந்துச்சு” என்றார்.