முதலில் செவி, பின்னர் விரல்

இசைக்கருவிகளுள் தொடக்கத்திலேயே மாணவனைக் கடுமையாகச் சோதிப்பது வயலின். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுரம் பிறந்துவிடும். கிதாரில் விரலுக்கு இடம் காட்ட உலோகக் கட்டுகள் உண்டு. வயலினிலோ விரல் விழவேண்டிய இடத்தைச் செவி ஒன்றே சொல்ல வேண்டும். இடக்கை சுரத்தைத் தேடும் அதே வேளையில் வலக்கை வில்லை நேராக இழுக்க வேண்டும். அழுத்தம் சற்றுக் கூடினால் கீச்சொலி, குறைந்தால் வெறுங்காற்று. முதல் ஓராண்டு அண்டை வீட்டாருக்குப் பொறுமைப் பயிற்சி என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் பெரும்பாலும் முதலில் பொறுமை இழப்பது கற்கும் குழந்தைதான்.

கொடைக்கானல் மலையில் வாழ்வோருக்கு மற்றொரு சோதனையும் உண்டு. மூடுபனி இறங்கும் மாதங்களில் மரம் ஈரம் குடித்து உப்பும். பிரடை இறுகித் திரும்ப மறுக்கும். வில்லின் மயிர் தளரும். காலையில் சேர்த்த சுருதி மாலைவரை நிலைப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரு குழந்தை நாள்தோறும் அரைமணி நேரம் இக்கருவியைக் கையில் எடுக்க வேண்டுமாயின், பெரியோரின் கட்டளையினும் வலிய ஏதோ ஒன்று அதனை ஈர்க்க வேண்டும். அது யாது?

நமது பங்கில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். தந்தை சிறு நிலத்தில் மலைப்பூண்டு பயிரிடுபவர். பாடற்குழுவில் ஒருவர் வயலின் வாசிக்கக் கண்டு மகன் ஆசைப்பட, ஒரு போகத்து விளைச்சலை விற்ற பணத்தில் பழைய வயலின் ஒன்றை வாங்கித் தந்தார். ஆசிரியரும் முறைப்படி சரளி வரிசையில் தொடங்கினார். எட்டு மாதங்கள் சென்றன. பின்னர் வயலின் கட்டிலின் கீழே போயிற்று. "சாமி, காசு போச்சேன்னு இல்ல. பய மனசு விட்டுட்டான், அதுதான் தாங்கல" என்று தந்தை நம்மிடம் சொன்னபோது அவர் குரல் கம்மியது. மகன் வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்ட ஒன்றிலேயே தோற்றவன் இனி எதற்கும் துணியமாட்டானோ என்பதே அவரது அச்சம்.

நாம் சிறுவனிடம் வயலினைப் பற்றிப் பேசவில்லை. தனியாக இருக்கையில் எந்தப் பாட்டை முணுமுணுப்பாய் என்று கேட்டோம். தயங்கித் தயங்கி, 'குணா' திரைப்படத்தில் கடிதமாக அமைந்த பாடலைப் பாடிக் காட்டினான். 1991-இல் வெளிவந்த அப்படத்தின் காட்சிகள் நம் மலைக் குகையில் எடுக்கப்பட்டவை. குணா குகை என்னும் பெயரும் அதனால் வந்ததே. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் அப்பாடலை மீண்டும் எங்கும் ஒலிக்கச் செய்தது. சிறுவன் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னர் பிறந்த பாட்டு, அவனுடைய பாட்டாயிற்று. ஆசிரியரோடு கலந்து பேசினோம். அவர் பெருமனத்தோடு இசைந்து, நிதானமான இரண்டு அடிகளை மட்டும் அவன் விரல்களுக்கு ஏற்ப அமைத்துக் கொடுத்தார்.

அதன்பின் நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. சரளி வரிசையில் சுரம் பிசகினால், ஆசிரியர் சொன்ன பிறகே அது அவனுக்குத் தெரியும். இப்பாட்டிலோ விரல் நூலளவு விலகினாலும் அவனே முகம் சுளித்தான். அது ஒலிக்க வேண்டிய விதம் அவன் செவிக்குள் முன்பே குடியிருந்ததே காரணம். எவரும் ஏவாமல் அதே அடியை இருபது முறை திரும்ப வாசித்தான். சில வாரங்களில், விரல் உறுதிப்படச் சரளி வரிசை வேண்டும் என்பதைத் தானே உணர்ந்து அதற்குத் திரும்பினான். பெருங்கலைஞன் ஆவானா என்பதை நாம் அறியோம். வயலின் இப்போது கட்டிலின் கீழே இல்லை.

இவ்வழி புதியதன்று. ஜப்பானியரான ஷினிச்சி சுசுகி (1898-1998) வயலின் தொழிற்சாலை உரிமையாளரின் மகன். கருவிகளுக்கு நடுவே வளர்ந்தும் அவருக்கு அவை விளையாட்டுப் பொருள்களாகவே இருந்தன. பதினேழாம் வயதில் மிஷா எல்மான் வாசித்த ஷூபர்ட்டின் 'ஆவே மரியா' இசைத்தட்டைக் கேட்டபோதுதான் அவர் உள்ளம் திறந்தது. தந்தையின் தொழிற்சாலையிலிருந்து ஒரு வயலினை எடுத்துவந்து, கேட்டுக் கேட்டே பழகலானார். குழந்தை தாய்மொழியைக் கற்பதுபோல முதலில் கேட்டு இசை கற்க வேண்டும் என்னும் அவரது முறை பின்னர் உலகெங்கும் பரவியது. அவரைத் தொட்ட அப்பாடலும், 1825-இல் வால்டர் ஸ்காட்டின் கதைக்கவிதையிலிருந்து எடுத்து ஷூபர்ட் இசையமைத்ததே, திருவழிபாட்டுக்கென எழுந்ததன்று.

நம் மண்ணுக்கு வயலின் வந்த கதையும் இதையே சொல்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். ஆங்கிலக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகள் அக்காலத்தில் அங்கே கேட்கக்கூடிய வெகுசன இசை. முத்துசுவாமி தீட்சிதர் அவற்றை இழிவெனத் தள்ளாமல் வடமொழிச் சொற்களை இட்டு 'நோட்டுசுரம்' ஆக்கினார். இங்கிலாந்தின் நாட்டு வாழ்த்து மெட்டும் அவற்றுள் அடங்கும். இன்றும் இளம் மாணவர்க்கு நோட்டுசுரங்கள் கற்பிக்கப்படுகின்றன.

திரைப்பாட்டைப் பங்குத்தந்தையே ஊக்குவிப்பதா என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. திருப்பலியில் ஒலிப்பது வேறு, வீட்டில் பழகுவது வேறு என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் திரு இசை பற்றி விடுத்த சுற்றுமடலில், ஆர்கனுக்கு அடுத்த நிலையில் வயலினையும் வில்லால் இசைக்கும் பிற கருவிகளையும் முதலாவதாகக் குறிப்பிட்டார்; உள்ளத்தின் மகிழ்வையும் துயரையும் உரைக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டென்றார். அந்த ஆற்றலை நாளை ஆலயத்தில் பெற விரும்புவோர், இன்று வீட்டில் அது முளைக்க இடம் தர வேண்டாமா?

மேலும், பிடித்த பாட்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை. 'குணா'வுக்கு இசையமைத்த இளையராஜா நம் மலைக்கு அண்மையில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தவர். 1986-இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பு தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் முதன்மையாக ஒலிக்கிறது. பாக் தனி வயலினுக்கு எழுதிய படைப்பொன்றின் மீதே ஒரு பகுதி எழுப்பப்பட்டுள்ளது. திரைப்பாட்டில் தொடங்கிய சிறுவன் அவர் கைபிடித்தே பாக்கிடமும் தியாகராசரிடமும் செல்லலாம்.

பெற்றோர்க்குச் சில சொற்கள். பாட்டைக் குழந்தையே தெரிவு செய்யட்டும். அடியை ஆசிரியர் தெரிவு செய்யட்டும். மெதுவான நடையும், நீண்டு நிற்கும் சுரங்களும், ஒரு தாயிக்குள் அடங்கும் எல்லையும் உடைய அடிகள் தொடக்கத்திற்கு ஏற்றவை. தாளக்கட்டே உயிரான துள்ளல் பாட்டுகள் சிறிது காத்திருக்கலாம். பாடத்திற்கு முன்னும் பின்னும் குழந்தையோடு அமர்ந்து அப்பாட்டை நீங்களும் கேளுங்கள். பிசகினால் திருத்த ஆசிரியர் இருக்கிறார். உடன் அமர்ந்து கேட்கும் பணி உங்களுடையது.