பாட்டிக்கு எதற்குச் சம்பளம்?

"தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்று சொல்வார்கள். பிரிட்டனில் பல வருடங்களாக நடந்துவரும் ஒரு அரசியல் வாக்குவாதத்தை இந்த ஒரு பழமொழிக்குள் அடக்கிவிடலாம். சதை எப்படியும் ஆடத்தானே போகிறது, அப்புறம் அரசாங்கம் எதற்குப் பணம் தர வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊரில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 60. பள்ளிக்கூட சமையலறையில் வேலை. மகள் போதைப் பழக்கத்தில் விழுந்துவிட்டாள். ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு போன் அடிக்கிறது. கவுன்சிலைச் சேர்ந்த சமூகப் பணியாளர் பேசுகிறார். "குழந்தைகளை இனி அந்த வீட்டில் விட முடியாதும்மா. இன்றைக்கு உங்களால் வைத்துக்கொள்ள முடியுமா?" பேத்திக்கு 9 வயது, பேரனுக்கு 4. பாட்டி என்ன சொல்லுவார்? "உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்பார். எத்தனை நாளைக்கு, செலவு யாருடையது, எந்தச் சட்டப்படி என்றெல்லாம் அந்த நேரத்தில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவைதான்!

ஏனென்றால் அந்த ராத்திரி நடந்ததற்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 1989-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி கவுன்சில் குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்து, பாட்டியிடம் ஒப்படைத்தது என்றால் ஒரு கணக்கு. பாட்டியை விசாரித்து, வளர்ப்புப் பெற்றோராக அங்கீகரிப்பார்கள். குழந்தையின் செலவுக்கு வாராவாரம் பணம் வரும். அதற்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச அளவும் உண்டு.

"குடும்பமே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டது" என்று எழுதிவிட்டால் அது வேறு கணக்கு. எல்லாப் பெற்றோருக்கும் கிடைக்கிற குழந்தை உதவித்தொகைதான் மிஞ்சும். 2024-25-ல் முதல் குழந்தைக்கு அது வாரத்துக்கு 25.60 பவுண்டு. அதற்கு மேல் கவுன்சில் மனசு வைத்தால் உண்டு.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. 2005 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த சிறப்புப் பாதுகாவலர் ஆணை. பாட்டி நீதிமன்றம் போய் இதை வாங்கினால், குழந்தைக்கு 18 வயதாகும்வரை பெரும்பாலான முடிவுகளை அவரே எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம்? வருமானத்தைப் பார்த்து கவுன்சில் முடிவு செய்யும். ஒரு ஊரில் கிடைப்பது பக்கத்து ஊரில் கிடைக்காது.

யோசித்துப் பாருங்கள். அதே குழந்தை, அதே கட்டில், காலையில் அதே ஓட்ஸ் கஞ்சி. ஃபைலின் மேல் எழுதியிருக்கும் பெயர் மட்டும்தான் வேறு.

இதையெல்லாம் நீதிமன்றங்கள் கவனிக்காமல் இல்லை. உறவினர் என்பதற்காகவே வளர்ப்புப் பெற்றோருக்குக் குறைவாகப் பணம் கொடுத்த மான்செஸ்டர் கவுன்சிலின் விதி செல்லாது என்று 2001-ல் நீதிபதி மன்பி தீர்ப்பளித்தார். குழந்தையை இன்னொருவரிடம் விடும் ஏற்பாட்டில் தானே முக்கியப் பங்கு வகித்துவிட்டு, பிறகு "அது தனியார் ஏற்பாடு" என்று கவுன்சில் கைகழுவ முடியாது என்று சதக் வழக்கில் 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2013-ல் டவர் ஹாம்லெட்ஸ் வழக்கிலும் உறவினர்கள் பக்கமே தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், நேரம் வேண்டும். 4 வயதுப் பையனை வைத்துக்கொண்டு 60 வயதில் யாரால் முடியும்?

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்டுவிட வேண்டும். எல்லாமே கல்நெஞ்சத்தில் வரும் வாதங்கள் இல்லை.

முதல் வாதம், செலவு. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இப்படி உறவினர் வீடுகளில் வளர்கிறார்கள். எல்லோருக்கும் கொடுத்தால் கஜானா தாங்குமா என்கிறார்கள். அடுத்தது, அரசின் தலையீடு. பணம் வந்தால் கூடவே விசாரணையும் வரும், வீட்டுக்கு ஆள் வரும். பல பாட்டிகளுக்கே அது பிடிக்காது. கடைசி வாதம்தான் கொஞ்சம் கனமானது. வறுமையில் இருக்கும் அம்மாவுக்குக் கிடைக்காத பணம் பாட்டிக்குக் கிடைத்தால், அது அம்மாவுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா? முதலில் அந்த அம்மாவுக்குக் கைகொடுத்திருந்தால் குழந்தை வீட்டை விட்டே வந்திருக்காதே?

நியாயமான கேள்விதான். ஆனால் அது நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. குழந்தை ஏற்கனவே பாட்டி வீட்டு வாசலில் நிற்கிறது. அம்மாவுக்கு உதவாமல் விட்டதைக் காரணம் காட்டி பாட்டிக்கும் உதவாமல் விட்டால், இரண்டு தடவையும் நஷ்டம் அந்தக் குழந்தைக்குத்தான். செலவு வாதத்திலும் ஒரு ஓட்டை உண்டு. பாட்டி "முடியாது" என்று சொன்னால் அரசு யாரோ முன்பின் தெரியாதவரிடம் அதே குழந்தையைக் கொடுத்து, அவருக்குப் பணமும் கொடுக்கும். அப்போது மட்டும் கஜானா தாங்கும்!

அரசியல்வாதிகள் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்து 2023-ல் ஒரு முடிவெடுத்தது. வளர்ப்புப் பெற்றோருக்கும் தகுதியுள்ள உறவினர்களுக்கும் ஒரே குறைந்தபட்சத் தொகை. 5 வயதுக்குக் கீழான குழந்தைக்கு அப்போது வாரம் 168.31 பவுண்டு. அங்கேயும் "தகுதியுள்ள" என்ற வார்த்தைக்கு வெளியே நிற்பவர்கள் உண்டு. ஆனாலும் பெரிய அடி.

இங்கிலாந்தில் ஜோஷ் மெக்அலிஸ்டர் தலைமையில் நடந்த ஆய்வு 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. சிறப்புப் பாதுகாவலர்களுக்கும் நீதிமன்ற ஆணையோடு குழந்தை வளர்க்கும் உறவினர்களுக்கும் வளர்ப்புப் பெற்றோருக்கு நிகரான தொகை, இலவச சட்ட உதவி, வேலையில் விடுப்பு எல்லாம் வேண்டும் என்றது. 2023 டிசம்பரில் கன்சர்வேடிவ் அரசு இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் வெளியிட்டது. 2024 அக்டோபர் பட்ஜெட்டில் லேபர் அரசு 4 கோடி பவுண்டு ஒதுக்கியது, அதிகபட்சம் 10 கவுன்சில்களில் சோதனை முயற்சியாக. அந்த டிசம்பரில் வந்த மசோதா, உறவினர் பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கே சட்டத்தில் ஒரு விளக்கம் எழுத முன்வந்தது. 2025 செப்டம்பரில் அதே மெக்அலிஸ்டர் இந்தத் துறைக்கு அமைச்சராகவும் ஆனார். எழுதிக் கொடுத்தவரிடமே சாவியும் வந்துவிட்டது.

ஆனால் சோதனை என்பது பொறுமையாகச் செய்கிற வேலை. நான்கு வயதுப் பையன் அதற்காகக் காத்திருக்க மாட்டான். திட்டம் ஊர் ஊராக வந்து சேருவதற்குள் அவன் காலுக்கு எத்தனை ஜோடி ஷூ மாறிவிடும்.

இதில் யாரும் பாட்டிக்குச் சம்பளம் கேட்கவில்லை. பாசத்துக்கு விலை போடச் சொல்லவும் இல்லை. ஷூவுக்கும், ஸ்கூல் பேருந்துக்கும், இன்னொரு கட்டிலுக்கும் ஆகிற செலவைத்தான் கேட்கிறார்கள். அது பாட்டியின் பணமே இல்லை, குழந்தையின் பணம்.

அன்று ராத்திரி பாட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்தார். கேட்காமல் திறந்ததாலேயே அவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று ஒரு அரசாங்கம் நினைத்தால், அடுத்த தடவை போன் வரும்போது இன்னொரு பாட்டி கொஞ்சம் தயங்கத்தானே செய்வார்? அந்தத் தயக்கத்துக்குள் ஒரு குழந்தை கையில் பையோடு நின்றுகொண்டிருக்கும்.