எங்க ஏரியா படங்கள்: என்னோட வரிசை

போன மாசம் ஒரு கம்பெனியில இன்டர்வியூ. பி.காம் கடைசி வருஷம் இல்லையா, டை எல்லாம் கட்டிக்கிட்டு போய் உக்காந்தேன். ஹெச்.ஆர். என் முகவரியைப் பார்த்துட்டு, "ஓ, திருவொற்றியூரா? 'வடசென்னை' படத்துல வர்ற மாதிரிதான் இருக்குமா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். நானும் சிரிச்சு வெச்சேன். ராத்திரி பூரா ஜி.எஸ்.டி. படிச்சுட்டுப் போனவனுக்கு வந்த முதல் கேள்வி இதுதான். கடுப்பு வந்தது என்னவோ திரும்பி வரும்போது பஸ்லதான். அந்தக் கடுப்புல போட்ட வரிசை இது. நல்ல படமா இல்லையாங்கறது ரெண்டாவது விஷயம். எங்க வீட்டு ஆளுங்க யாராவது அதுல இருக்காங்களா? அதுதான் கணக்கு.

நாலாவது 'பொல்லாதவன்' (2007). சண்டை போட்டு அப்பாகிட்ட காசு வாங்கி ஒரு பல்சர் வாங்குவான் தனுஷ். வண்டி வந்ததும் வேலையும் கிடைக்கும், வண்டி காணாமப் போனதும் எல்லாமே போகும். எங்க தெருவுல மாசத் தவணையில பைக் எடுத்த எந்த அண்ணனைக் கேட்டாலும் இந்தக் கதை புரியும்.

மூணாவது 'வடசென்னை' (2018). திட்டாதீங்க. சினிமான்னு மட்டும் பார்த்தா இதுதான் முதல்ல வரணும், எனக்கும் தெரியும். 'ஏ' சர்டிபிகேட் படம், நான் அப்ப ஒன்பதாவது. ஒரு வருஷம் கழிச்சு ஃப்ரெண்டோட மொபைல்ல மூணு பேர் தலையை ஒட்டி வெச்சுப் பார்த்தோம். அந்தப் படத்துல சண்டையே எதுக்கு? ரோடு போட கடலோரத்துல இருக்கறவங்களைக் காலி பண்ணச் சொல்றாங்க, ராஜன் முடியாதுங்கறான். அங்கதானே எல்லாம் ஆரம்பிக்குது? ஆனா பார்த்தவங்களுக்கு கத்தி மட்டும்தான் ஞாபகம் இருக்கு. நம்ம ஹெச்.ஆர். உட்பட. வெற்றிமாறன் மேல கோவம் இல்ல, இருந்தாலும் இன்டர்வியூல மாட்டினது நான்தானே, அதனால மூணாவது.

ரெண்டாவது 'சார்பட்டா பரம்பரை' (2021). தியேட்டருக்கு வரல, கொரோனா சமயத்துல நேரா அமேசான் பிரைம். எங்க தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். என் போன்ல பக்கத்துல உக்காந்து பார்த்தார். ஊரே டான்ஸிங் ரோஸைக் கொண்டாடுச்சு, தாத்தா அதுக்கெல்லாம் அசரல. கபிலன் ஹார்பர்ல வேலை செய்யற இடம் வந்ததும் "மறுபடி போடுறா"ன்னார். ரெண்டு தடவை போட்டேன். அப்புறம் எமர்ஜென்சி, 1976ல ஆட்சியைக் கலைச்சது, ரங்கன் வாத்தியார் ஜெயிலுக்குப் போறது எல்லாம் வந்தப்ப, படத்தை நிறுத்தச் சொல்லிட்டு அவர் கதையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டார். மூணு மணி நேரப் படம் முடிய அஞ்சு மணி நேரம் ஆச்சு!

முதல் இடம் 'மெட்ராஸ்' (2014). வியாசர்பாடி கதை. ஒரு சுவத்துக்கு ரெண்டு கட்சி அடிச்சுக்கறது, அதுல அன்பு சாகறது, இதெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்குப் பிடிச்சது வேற. காளி ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்குப் போறான். திரும்பி வந்து ஃபுட்பால் ஆடறான். வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறாங்க. எங்க பக்கத்துலயும் ஒருத்தன் ஆபீஸ் போய்ட்டு வீட்டுக்கு வருவான்னு இப்படி சாதாரணமாக் காட்டின படம் வேற எது? இருந்தா சொல்லுங்க, பார்க்கறேன்.

அஞ்சாவது இடத்தை வேணும்னேதான் காலியா விட்டிருக்கேன். 2017 ஜனவரியில எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப, ஆளுங்க வாளி வெச்சு அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மறுபடியும் எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய். எங்க மாமாவோட வலையெல்லாம் கறுப்பா ஒட்டிக்கிச்சு, தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. அப்புறம் எங்க அப்பா, டிரெய்லர் டிரைவர். கன்டெய்னரோட எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில வரிசையில நின்னு, ஸ்டியரிங்ல தலை வெச்சுத் தூங்கி, விடியக்காலையில வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டறவர். இதுல ஏதாவது ஒண்ணை யாராவது படமா எடுத்தா 'மெட்ராஸை' ஒரு இடம் கீழ இறக்கிடறேன்.

ஹெச்.ஆர். இன்னும் கூப்பிடல.